எல்லைக்கல்லில் சாய்த்த தோக்கு

பொன்மலை,
18 செப்டம்பர் 1932

அன்புள்ள தேவகனி அக்காவுக்கு நேசையன் எழுதுவது.

உன் கடிதமும், அதன் அடியில் ஜான்ரோஸ் அத்தான் எழுதியிருந்த நாலு வரியும் கிடைத்தன. நான் சுகம். ரயில்வே பட்டறையில் என்னைப் பாய்லர் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலை அதிகம், ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் கேட்ட மனுவை நான் எழுதமாட்டேன்.

கோபப்படாமல் மேலே வாசி. தாலுகா கச்சேரியில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? துப்பாக்கி லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் மட்டுமே அதைத் தொடவேண்டும், அடுத்தவர் கையில் கொடுக்கக்கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டவேண்டும். இதில் என்ன அநியாயம் கண்டீர்கள்? 'எங்கள் மலையடியில் இருப்பது ஒரே தோக்கு, அது ஜான்ரோஸ் பேரில் இருந்தாலும் சாயங்காலம் ஆளுக்கொரு முறையாக வீடு மாறிப் போகும், அப்படியே போக உத்தரவு தரவேண்டும்' என்று நான் இங்கிலீஷில் எழுதவேண்டுமாம். டிராயிங் படித்தவன் என்பதற்காக முட்டாள்தனத்துக்கு இங்கிலீஷ் உடுப்பு தைத்துக் கொடுக்க என்னால் முடியாது.

இங்கே ஒருவன் பாய்லருக்குள் இறங்கினால் தன் எண் போட்ட பித்தளை வில்லையை வெளியே மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அது தொங்கும்வரை எந்த துரையும் வால்வைத் தொடமாட்டார். நம் ஊரில் நடப்பதைப் போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது கண்ணால் பார்த்தேன். குழல் வாய் வழியாக வெடிமருந்து இடிக்கிற பழைய தோக்கு அது. இடித்தால் சுட்டுத்தான் காலி செய்யமுடியும். சுட்டால் மருந்து வீண். அதனால் பன்றி வராவிட்டால் இடித்தது இடித்தபடியே மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகிறது. கொடுக்கிறவன் 'உள்ளே இருக்கு' என்று வாயால் சொன்னால் உண்டு. சொல்ல மறந்தால்?

பக்கத்து விளைக் கோலப்பன் என்ன செய்தான் தெரியுமா? உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்கக் குழலில் வாயை வைத்து ஊதினான். ஊதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் கையில் தோக்கைக் கொடுப்பதைவிட, பன்றிகளைக் கூப்பிட்டுக் கிழங்கு விளையை எழுதிக் கொடுத்துவிடலாம். பன்றியாவது தன் மூக்கைத் தானே சுட்டுக்கொள்ளாது.

இதுதான் என் மனு. அத்தானிடம் சொல்.

உன் தம்பி,
நேசையன்


தடிக்காரன்கோணம்,
30 செப்டம்பர் 1932

பிரியமுள்ள தம்பி நேசையனுக்கு அக்கா எழுதுகிறேன்.

கர்த்தர் உனக்கு நல்ல படிப்பைக் கொடுத்தார், அதைக் குறித்து ஸ்தோத்திரம். நாக்கை அடக்குகிற கிருபையையும் சேர்த்துக் கேட்டிருக்கவேண்டும், அதை நம் அம்மை ஜெபத்தில் மறந்துபோனாள்.

என்ன நடந்தது என்று கேள். உன் கவர் வந்த அன்று மனு வந்துவிட்டது என்று அத்தான் விளைக்காரர்களை எல்லாம் முற்றத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பொன்னுலிங்கம் பாட்டா வந்தார், கோலப்பண்ணனும் செல்லத்தாய் மதினியும் வந்தார்கள். பிரித்துப் பார்த்துவிட்டு வாசிக்கலாம் என்றேன். 'எழுதினது நம்ம நேசையன், இதில பாக்க என்ன இருக்கு பிள்ளே' என்று சொல்லி நடுவில் நின்றுகொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கினார். அத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர் என்று உனக்குத் தெரியும். வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே எட்டும். கோலப்பன் என்று வந்தது, ஊதினான் என்று வந்தது. நான் கண்ணைக் காட்டுகிறேன், அவர் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பன்றிக்கு எழுதிக் கொடுக்கலாம் என்கிற இடத்தில்தான் நின்றார்.

கோலப்பண்ணன் எழுந்து தோர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டார். 'வாசியும் ஓய், எதுக்கு நிறுத்துதீரு? பயலு நல்லாத்தான் எழுதியிருக்கான்' என்றார். அத்தான் காகிதத்தை மடித்தார். 'எனக்க விளைக்குப் பன்னி வரட்டும். உம்ம மச்சினனுக்க வாயில இருந்து வந்ததுக்கு அது எவ்வளவோ மேலு.' இவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு உன்னைவிடப் பதினைந்து வயது கூடுதல். நீ சின்னவனாக இருக்கும்போது அவர் தோளில் இருந்து தேர் பார்த்தவன். 'அண்ணன்' என்று ஒரு சொல் போட்டு எழுதியிருந்தால் உன் மை தீர்ந்துவிடுமா?

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆனால் தோக்கு போகாமல் முடியாது. அவர் விளை காட்டை ஒட்டினது, அங்கே பன்றி இறங்கினால் அடுத்தது நாங்கள்தான். அவர் முறை வருகிற அன்று அத்தான் தோக்கை எல்லைக்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு தடவை செருமுவார். இவர் வீட்டுக்குத் திரும்பின பிறகு அவர் வந்து எடுப்பார். காலையில் அவர் கொண்டுவந்து சாய்த்துச் செருமுவார். ஊர் சிரிக்கிறது.

உன் நியாயத்துக்கும் பதில் சொல்லுகிறேன். நீ பட்டறையில் வில்லை மாட்டுகிறாய், சரி. இங்கே லைசென்ஸ் யாருக்குக் கொடுக்கிறார்கள்? பட்டா உள்ளவனுக்கு. இந்தச் சரிவில் பட்டா அத்தானுக்கு மட்டும்தான் இருக்கிறது. கோலப்பண்ணனும் மற்றவர்களும் அடுத்தவர் நிலத்தில் பாட்டத்துக்கு மரச்சீனிக் கிழங்கு போடுகிறவர்கள். அவரவர் தோக்கை அவரவரே தொடவேண்டும் என்றால் தோக்கு பட்டாக்காரன் வீட்டில் இருக்கும், பன்றி பாட்டக்காரன் விளையில் இருக்கும். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அவித்துத் தின்கிற கிழங்கு விடியும்போது இருக்காது. இதற்கு உன் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கோலப்பண்ணனுக்கு ஒரு வரி எழுது, மக்கா. மன்னிப்பு என்று எழுதவேண்டாம், சுகம் விசாரித்து எழுதினால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை நான் சரிப்படுத்துவேன்.

அக்கா,
தேவகனி


பொன்மலை,
9 அக்டோபர் 1932

அன்புள்ள அக்கா,

பட்டாவைப் பற்றி நீ எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அது சரியான கேள்வி. கச்சேரியில் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்டு மனு எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்.

கோலப்பனுக்கு எழுதுவதைப் பற்றி: நான் பார்த்ததைத்தான் எழுதினேன். ஊர் கூட்டி வாசித்தது நான் அல்ல. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதமுடியாது, சுகம் விசாரித்தால் அதுதான் அர்த்தமாகும். விட்டுவிடு.

ஆனால் இது அவசரம். இந்தக் கடிதம் கிடைத்தவுடன் செய்யவேண்டும். பேசிக்கொண்டு கைமாற்றினபோதே அது ஆபத்து. இப்போது செருமிக்கொண்டு மாற்றுகிறீர்கள்! உள்ளே மருந்து இருக்கிறது என்று செருமலில் எப்படித் தெரியும்? தெரியாமல் மேலே இன்னொரு தடவை இடித்தால் குழல் தாங்காது. கட்டாயம் வெடிக்கும்.

செய்யவேண்டியது இதுதான். தோக்கைச் சுட்டுக் காலி செய்யச் சொல். மருந்து வீணானால் ஆகட்டும். பிறகு இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரைக்கும் விட்டு, குழல் வாய்க்குச் சரியாக வருகிற இடத்தில் கம்பியில் அரத்தால் ஒரு கோடு போடவேண்டும். இனி யார் எடுத்தாலும் முதலில் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும். கோடு வாயோடு நின்றால் காலி. கோடு மேலே தெரிந்தால் உள்ளே மருந்து இருக்கிறது, இடிக்கக்கூடாது. குழந்தைக்கும் புரியும். படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கோலப்பனுக்குக் கட்டாயம் காட்டவேண்டும்.

நேசையன்


தடிக்காரன்கோணம்,
14 நவம்பர் 1932

தம்பி,

கோலப்பண்ணனுக்கு இடது கை போய்விட்டது. தோக்கு வெடித்து.

போன புதன்கிழமை அவர் முறை. முந்தின நாள் அத்தான் இடித்தது சுடாமல் உள்ளேயே இருந்தது. வெயில் இறங்குகிறதற்கு முன்பே பன்றி வந்துவிட்டது, தள்ளையும் குட்டிகளுமாக. அவர் எல்லைக்கல்லுக்கு ஓடிவந்து தோக்கை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். ஒரு சத்தம் கேட்டது. தோக்குச் சத்தம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. நான் போனபோது செல்லத்தாய் மதினி தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்து, 'தேவகனி, பன்னி போச்சா?' என்று கேட்டார். வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள்.

உன் படம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். நீ சொன்னபடி அத்தான் சுட்டுக் காலி செய்தார், கம்பியில் கோடு போட்டார். படத்தை ஓலையில் சுருட்டித் தோக்கோடு கட்டிக் கல்லில் வைத்தார். கோலப்பண்ணன் பிரித்துப் பார்த்திருக்கிறார். உன் எழுத்து என்று தெரிந்ததும் கிழித்துக் கல்லின் மேலேயே போட்டுவிட்டுப் போனார். துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். கம்பியில் கோடு இருந்தது, தம்பி. அது எதற்கு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அத்தான் போய்ச் சொல்லியிருக்கலாம், நான் செல்லத்தாய் மதினியிடம் சொல்லியிருக்கலாம். அவர்களாகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டோம். நீ ஒரு வரி எழுதியிருந்தால் அதைக் கொண்டு அந்த முற்றத்தில் கால் வைத்திருப்பேன். இதை உன்னைக் குற்றப்படுத்த எழுதவில்லை. எழுதாமலிருக்கவும் முடியவில்லை.

இனிமேல்தான் பெரிய காரியம். போலீஸ் வந்து அத்தானைக் கொண்டுபோனது. இரண்டு வீட்டுக்கும் பகை, பகை வைத்து வேண்டுமென்றே ஏராளமாக மருந்து இடித்துக் கல்லில் வைத்தான் என்று கேஸ் எழுதியிருக்கிறார்கள். செல்லத்தாய் மதினியே அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கோலப்பண்ணன் வாய் திறக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் சுட்டதற்குத் தன்னையும் பிடிப்பார்கள் என்று யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். அத்தானை ஜாமீனில் எடுத்திருக்கிறோம். அவர் சாப்பிடுவதில்லை. ஜெயில் என்றால் வருஷக்கணக்கு என்கிறார்கள்.

நீ இரும்பு படித்தவன், உன் சொல் கோர்ட்டில் செல்லும் என்று வக்கீல் சொல்லுகிறார். குழல் துருப்பிடித்துப்போன பழைய இரும்பு, அதனால் வெடித்தது என்று நீ சொன்னால் யார் மேலும் குற்றம் இல்லை. அத்தான் தப்புவார், கோலப்பண்ணனும் தப்புவார், லைசென்ஸும் போகாது. இரும்புக்கு ஜெயில் உண்டா? சொல், மக்கா. இதற்கு மேல் உன்னிடம் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

அக்கா


பொன்மலை,
20 நவம்பர் 1932

அக்கா,

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கேஸ் தேதி தெரிந்தவுடன் தந்தி அடி. வருகிறேன்.

வக்கீலிடம் இதைக் கேட்டு எழுதச் சொல். குழல் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது? மருந்து தங்குகிற அடியிலா, அதற்கு மேலே நாலு விரல் தள்ளியா? வெடித்த உதடு உள்ளே துருவாக இருக்கிறதா, வெள்ளையாக மின்னுகிறதா? அந்தத் துண்டுகளை யாரும் எண்ணெய் போட்டுத் துடைக்கக்கூடாது.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே தடவையில் ஏராளமாக இடித்திருந்தால் அடியில்தான் பிளக்கும். அடியில் அத்தான் இடித்த மருந்து இருந்து, அதன்மேல் தேங்காய்த் தும்பு வைத்து அடைத்திருக்க, தெரியாமல் இன்னொருவர் மேலே இடித்திருந்தால், இரண்டாவது அடைப்பு நிற்கிற இடத்தில் பிளக்கும். அப்படிப் பிளந்திருந்தால் அத்தான் மேல் போட்ட கேஸ் நிற்காது. ஆனால் அதையே சொன்னால், தோக்கு கைமாறியதும் கோலப்பண்ணன் மேலே இடித்ததும் சேர்ந்து வெளியே வரும்.

இரும்பு அழுகல் என்று சொல்லமாட்டேன். குழலை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், நல்ல இரும்பு. நான் பொய் சொல்லி நீங்கள் தப்பினால் என்ன நடக்கும்? அடுத்த மாதம் அத்தான் புதுத் தோக்கு வாங்குவார். அது அதே கல்லில் சாய்ந்து நிற்கும். அடுத்த தடவை கையோடு போகாது.

படத்தைக் கிழித்தார் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன். பாய்லரில் அழுத்தம் எவ்வளவு என்று மேஸ்திரி கேட்டார். முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரே வந்து பார்த்துக்கொண்டார்.

நேசையன்


தடிக்காரன்கோணம்,
16 ஜனவரி 1933

தம்பி நேசையனுக்கு,

கோர்ட்டு வாசலில் இருந்தே வடசேரிக்குப் போய்ப் பஸ் ஏறிவிட்டாய் என்று வக்கீல் குமஸ்தா சொன்னார். உனக்காக வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அத்தான் ஜெயிலுக்குத் தப்பினார். அதற்காக உனக்கு வந்தனம். அந்தக் குழல் துண்டை நீ கையில் பிடித்து, இங்கே முதல் மருந்து, இங்கே இரண்டாவது என்று விரல் வைத்துக் காட்டியபோது கோர்ட்டே எட்டிப் பார்த்தது. அப்போதுதான் கோலப்பண்ணன் எழுந்தார். 'எசமான், அந்தப் பயலு சொல்லுவது நேரு, பொய்யில்ல. நாந்தான் மேல இடிச்சேன். உள்ள கெடந்தது எனக்குத் தெரியாது. ஜான்ரோசு மேல எனக்குக் கோவம் உண்டு, சந்தேகம் இல்ல' என்றார். செல்லத்தாய் மதினி அழுதாள், நானும் அழுதேன். அத்தோடு நீ இறங்கியிருக்கலாம்.

மாஜிஸ்திரேட் உன்னிடம் கேட்டது என்ன? அன்றைக்கு அந்தத் தோக்கு கைமாறியதா என்று கேட்டார். அன்றைக்கு மாறியது என்று சொன்னால் போதாதா? தினமும் மாறும் என்றாய். பத்து வருஷமாக மாறுகிறது என்றாய். லைசென்ஸ் ஒருவர் பேரில், தோக்கு எல்லார் கையிலும் என்றாய். உன்னிடம் குழலைப் பற்றிக் கேட்டார்கள், நீ இந்தச் சரிவு முழுவதையும் கூண்டில் ஏற்றிவிட்டாய்.

அத்தானுக்கும் கோலப்பண்ணனுக்கும் அபராதம். அது எப்படியோ கட்டியாயிற்று. லைசென்ஸ் ரத்து, இனி அத்தான் பேருக்குத் தரமாட்டார்கள். இந்த மலையடியில் பட்டா உள்ள வேறு ஆள் இல்லை என்று உனக்கே தெரியும். தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள் பன்றி இறங்கியது. கோலப்பண்ணன் விளையில் பாதி இல்லை. எங்களுடையதில் மேல் வரிசைகள் போய்விட்டன. கிழங்கு பிடுங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அவரும் அத்தானும் இப்போது பேசுகிறார்கள். உன்னைப் பற்றித்தான் பேசுவதில்லை.

வாசலில் அவர் தோர்த்தைக் கைக்குச் சுற்றிக்கொண்டு நின்றார். நீ வந்தால் பேசலாம் என்று நின்றார் என்று நினைக்கிறேன். நீ வேறு வாசல் வழியாகப் போனாய்.

தேவகனி


பொன்மலை,
25 ஜனவரி 1933

அக்கா,

பாதி சொல்லி நிறுத்த எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு மட்டும் என்று பதில் சொல்லியிருந்தால் அதுவும் பொய்தான். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

வேறு வாசல் வழியாகப் போனது உண்மை. தோர்த்தைப் பார்த்தேன். அதன் நுனி காலியாகத் தொங்கியது. கோர்ட்டில் குழலைப் பிடித்துப் பேசமுடிந்தது, அவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. போய்விட்டேன்.

விளையைப் பற்றி நீ எழுதியதை வாசித்துவிட்டு உட்கார்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். பட்டா இல்லாத பாட்டக்காரர்களுக்கும் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் தரவேண்டும் என்று உன் கேள்வியைத்தான் முதல் பாராவாக வைத்தேன். கூடவே கட்டுப்பாடுகளையும் நாமே எழுதிக் கொடுக்கவேண்டும், அவர்கள் போடுகிறவரை காத்திருக்கக்கூடாது. காட்டை ஒட்டின விளையின் காவல் பரணில்தான் தோக்கு இருக்கும், வீடு வீடாகப் போகாது. லைசென்சில் பேர் உள்ளவர் மட்டும் இடிப்பார், இடிக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்ப்பார். விடிந்ததும் சுட்டுக் காலி செய்யவேண்டும். மருந்து வீணாகிறது என்று எவராவது சொன்னால், கோலப்பண்ணன் கையைக் காட்டு என்று எழுத நினைத்தேன். அவர் கையைக் காட்டி நியாயம் பேச எனக்கு உரிமை இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

எல்லாரையும் கூட்டி வாசி. இந்தத் தடவை முதலில் நீ தனியாக வாசித்துப் பார்த்துக்கொள்.

நேசையன்


தடிக்காரன்கோணம்,
12 பிப்ரவரி 1933

பிரியமுள்ள தம்பி,

உன் மனுவை முற்றத்தில் வாசித்தோம். நான்தான் வாசித்தேன், அத்தானிடம் கொடுக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் பொன்னுலிங்கம் பாட்டா, 'தோக்கைப் புடுங்கினவனே தோக்குக்கு மனு எழுதுதானா? பன்னிக்கு ஒரு மனு எழுதச் சொல்லு தேவகனி, மாசி முடியிற வர பொறுத்துக்கோங்க மக்கான்னு' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செல்லத்தாய் மதினி சிரிக்கவில்லை. 'எனக்கு அந்தச் சவத்துச் சாமானே இந்தச் சரிவில வேண்டாம். கிழங்கு போனா அடுத்த வருசம் போடலாம். கை போனா எங்க நடுவது?' என்றாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, தோக்கு இல்லாமல் பாட்டக்காரர் யாரும் பாட்டம் அளக்கமுடியாது, பாட்டம் அளக்காவிட்டால் அவர்களுக்கு விளையே இல்லை என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாக இருந்தால் பெண்பிள்ளை நான் என்ன தீர்ப்பு சொல்ல?

கடைசியில் கோலப்பண்ணன் பேசினார். 'தோக்கு வேணும். ஆனா தொட்டவன் எவன், இடிச்சவன் எவன்னு தெரியாத தோக்கு வேண்டாம். பயலு எழுதினதுல ஒண்ணு கொறச்சல். ரெண்டு வீட்டுக்குப் பேச்சு இல்லேன்னா அன்னைக்குத் தோக்கைப் பூட்டி வைக்கணும். அதையும் எழுது தேவகனி' என்றார். எழுதினேன். அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். காகிதம் நகர்ந்தது, அத்தான் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

மனுவைக் கொண்டுபோய்க் கச்சேரியில் கொடுத்தோம். வாங்கிக்கொண்ட அதிகாரி முழுவதும் வாசித்தார், நன்றாக எழுதியிருக்கிறது என்றார். மேலே அனுப்பி உத்தரவு வர நாளாகும், இந்தப் போகத்துக்கு வராது என்றும் சொன்னார். அவர் பேரில் குற்றம் இல்லை. எதற்கும் நாளாகும்.

ஆகையால் தோக்கில்லாமல் காவல் இருக்கிறோம். தகரமும் பந்தமும் சத்தமும்தான். பன்றி இரண்டு நாள் பயந்தது. இப்போது தகரத்தைக் கேட்டால் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தின்கிறது. பக்கத்தில் போய் விரட்டவேண்டியிருக்கிறது. தள்ளைப்பன்றி ஒரு தடவை அத்தானைத் துரத்திக்கொண்டு வந்தது, பலாமரத்தில் ஏறித் தப்பினார்.

கோலப்பண்ணனுக்குக் கை இன்னும் ஆறவில்லை, விழுந்தால் ஊன்ற முடியாது, அதனால் அவர் முறைக்குச் செல்லத்தாய் மதினி பரணில் ஏறுகிறாள். பகலில் பூதப்பாண்டி வயல்களில் கும்பப்பூ நெல் அறுப்பு. அறுத்துவிட்டு வந்து கஞ்சி வைத்து அவருக்குக் கொடுத்துவிட்டுப் பந்தத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். மற்றவர்கள் முறையை வாங்கிக்கொள்ளுகிறோம் என்றோம், சம்மதிக்கவில்லை. யார் தயவும் வேண்டாம் என்கிறாள். புதனும் சனியும் அவர்கள் முறை.

நீ கோர்ட்டில் சொன்னது சரி. இப்போது சொல்லுகிறேன், சரிதான். இந்த மனுவும் சரி. ஆனால் சட்டம் சரியாக இருக்கிற இந்த இரண்டு மாதமும் விளையில் நிற்கிறது யார் என்று பார். பொன்மலையில் உட்கார்ந்து எழுதின உனக்கு இதில் ஒரு கிழங்கும் நஷ்டமில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை, மக்கா. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா,
தேவகனி


பொன்மலை,
19 பிப்ரவரி 1933

அன்புள்ள அக்கா,

கோலப்பண்ணன் சேர்க்கச் சொன்னது எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. பட்டறையில் பேச்சு இல்லாத இரண்டு பேர் ஒரே பாய்லரில் வேலை செய்கிறார்கள், வில்லை இருப்பதால் நடக்கிறது. நம் சரிவில் வில்லை என்பது வாய்தான். அதை மூடவைத்தது நான்.

சம்பளம் இல்லாத லீவு கேட்டேன். எதற்கு என்றார் சூப்பர்வைசர். பன்றி விரட்ட என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார். கிழங்கு பிடுங்குகிறவரைக்குமான நீண்ட லீவு தரமாட்டோம், மீறிப் போனால் உன் இடத்தில் வேறு ஆளைப் போடுவோம் என்றார். போடட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு அவரே மனசு மாறிக் கையெழுத்துப் போட்டார், இடம் இருக்குமா என்று தெரியாது. இதை அத்தானிடம் சொல்லவேண்டாம், கவலைப்படுவார்.

வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன், திருநெல்வேலியில் இறங்கிப் பஸ். முதலில் கோலப்பண்ணன் வீட்டுக்குப் போவேன். அவரிடம் சொல்லவேண்டியதைக் காகிதத்தில் எழுதமாட்டேன். முற்றத்தில் ஆள் இருந்தால் இருக்கட்டும், அவர்கள் கேட்கவே சொல்லுகிறேன். அவர் உள்ளே வா என்று சொல்லாவிட்டால் வெளியிலேயே நின்று சொல்லிவிட்டு வருவேன்.

அவர்கள் முறையை நான் எடுத்துக்கொள்ளுகிறேன், புதனும் சனியும், கடைசிக் கிழங்கு பிடுங்குகிறவரைக்கும். தயவு என்று செல்லத்தாய் மதினி சொன்னால், தயவு இல்லை என்று நீ சொல். அந்த விளையில் தோக்கு இல்லாமல் போனதற்கு என் சொல் காரணம். தோக்குக்குப் பதிலாக நான் நிற்பதுதான் கணக்கு. பன்றியைப் பக்கத்தில் பார்த்து எனக்குப் பழக்கம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. எந்தப் பக்கமாக ஓடவேண்டும், எந்த மரத்தில் ஏறவேண்டும் என்று அத்தான் பகலில் ஒரு தடவை காட்டித் தரட்டும்.

இந்தச் சனிக்கிழமை செல்லத்தாய் மதினி பரணில் ஏறவேண்டாம். அறுப்பு முடிந்து வந்து படுத்துத் தூங்கட்டும்.

தம்பி,
நேசையன்